மன்னார்: மணலும் சேறும் காக்கும் நிலம்

2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையின் இரு வேறு நிலப்பகுதிகளுக்கு உலக அளவிலான அங்கீகாரம் கிடைத்தது. சிவனொளிபாத மலைக்காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் அடங்கிய மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ தனது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதே மாதத்தில், மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி என்னும் கடல்வழிச் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் வங்காலைச் சரணாலயம், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. முதலாவது செய்தி நாடெங்கும் பெருமையோடு பேசப்பட்டது. இரண்டாவது, சூழலியலாளர் வட்டத்துக்கு வெளியே அதிகம் பரவவில்லை. காக்கப்பட வேண்டிய இயற்கை என்றவுடன் மலையும் மூடுபனியும் அருவியும் கண்முன் வருவது இயல்பே. மரம் குறைந்து, வெயிலில் வெடித்து, மழையில் நீர் கட்டி, உப்பும் சேறும் மணக்கக் கிடக்கும் ஒரு தட்டை நிலத்தை அதே மதிப்போடு பார்ப்பதற்கு அந்த நிலம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மன்னாரில் மலை இல்லை. ஆனால் மலையின் நீர் உண்டு. காப்பு வனமாக 1941இல் அறிவிக்கப்பட்ட ரிட்டிகல மலைப் பகுதியில் ஊற்றெடுத்து, அநுராதபுரத்தைத் தொட்டு, 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்பு என்னும் ஊருக்கு அருகே கடலில் கலக்கும் ஆற்றைச் சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் மன்னார் மக்கள் அருவி ஆறு என்றும் அழைக்கிறார்கள். இந்த ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பிய பழைய வேலையை ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் தாதுசேனனோடு மரபு இணைத்துப் பேசுகிறது. பல நூற்றாண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த குளத்தை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீளக் கட்டினார்கள். உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் வயல்களின் காலபோக நெல் இந்தக் குளத்தையும் அதனால் நிரம்பும் சிறு குளங்களையும் நம்பியிருக்கிறது. வயல்களில் வடிந்த நீர் இறுதியில் கரையோரக் களப்புகளைச் சேர்கிறது. கட்டுக்கரைக் குளம் 1954 முதல் சரணாலயமாகவும் இருந்து வருகிறது. உழவருக்கு அது பாசனக் குளம், நீர்ப்பறவைகளுக்கு அது இரை தேடும் இடம், இரண்டும் ஒரே நீரில் நடைபெறுகின்றன.

தீவு இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மன்னார்த் தீவுக்கு ஆறு இல்லை, பாறை அடித்தளம் மேலே தெரிவதும் இல்லை. கடலும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணலே அதன் உடல். பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே கொண்டது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழையே ஆண்டு முழுவதற்குமான நீர். அதன்பின் வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை சோளகம் என்று மீனவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசி நிலத்தை உலர்த்துகிறது. பனையும் உடையும் விடத்தலும் இந்த வறட்சிக்குப் பழகிய மரங்கள். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும், பள்ளிமுனையில் பெருத்து நிற்கும் பெருக்க மரமும் அவ்வாறே நீரைத் தன் தண்டுக்குள் சேமித்து வாழக் கற்றது. தீவில் வாழ வந்த எல்லாமே, மனிதர் உட்பட, நீரை எண்ணி எண்ணிச் செலவிடக் கற்றே இங்கு நிலைத்திருக்கின்றன.

வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், வடக்கில் போர் உச்சத்தில் இருந்தபோது, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேர். முட்புதர்க் காடு, மேய்ச்சல் தரை, மணல்மேடு, கண்டற்காடு, உவர்ச் சதுப்பு, களப்பு, அலை ஏறி இறங்கும் சேற்றுத் தரை, கடற்புல் படுகை, ஆழமற்ற கடல் என்று ஒன்றோடொன்று தொட்டுக் கிடக்கும் பல வகை நிலங்கள் இத்தனை சிறிய பரப்புக்குள் அடங்கியிருப்பதே அதன் சிறப்பு. இங்கு கடல் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனினும் தரை மிகத் தட்டையாக இருப்பதால், நீர் ஒரு சாண் இறங்கினாலும் பரந்த சேற்றுவெளி வெளிப்பட்டுவிடுகிறது. அந்தச் சேற்றில் புழுக்களும் நத்தைகளும் சிறு நண்டுகளும் இறால் குஞ்சுகளும் அடர்ந்து வாழ்கின்றன. மாரியில் வரும் நன்னீர் வயல்களின் வண்டலைக் கொண்டுவருகிறது; கோடையில் நீர் வற்றி உப்புச் செறியும்போது வேறு வகைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு நீரின் தன்மை மாறுவதால், ஒரே இடம் பல உயிர்களுக்கு வெவ்வேறு காலங்களில் உணவிடுகிறது.

இந்த விருந்துக்கு வரும் பறவைகளின் தொலைவு வியப்பூட்டுவது. வடக்கே குளிர் தொடங்கும்போது சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புறப்பட்டுத் தெற்கே வரும் பறவைகளின் பொதுவான தடத்தை மத்திய ஆசியப் பறவைவழி என்று அறிவியலாளர் குறிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 30 நாடுகளைக் கடக்கும் அந்த வழி இலங்கையில் முடிகிறது, ஏனெனில் அதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை நீரன்றி வேறில்லை. இந்தியக் கரையைத் தாண்டும் பறவைக்கு முதலில் தென்படும் இலங்கை மண்ணில் மன்னாரும் ஒன்று. திரும்பிச் செல்லும்போது உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்படுவதற்கான கடைசித் தங்கலும் அதுவே. ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் கருவால் மூக்கனும் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் ஈரநிலம் என்பதே வங்காலைக்கு ராம்சார் தகுதி கிடைத்த காரணங்களுள் ஒன்று. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதியோடு தொடர்புகொள்ளும் சிறு கருவிகளைப் பொருத்தி அனுப்பிய ஹ்யூக்ளின் கடற்காகங்கள் மன்னாரிலிருந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை சென்று மீண்டும் மன்னாருக்கே வந்தன. ஏறத்தாழ உலகின் வட உச்சியிலிருந்து புறப்பட்ட ஒரு பறவை இந்தச் சிறு மணல்தீவைத் தவறாமல் தேடி வருகிறது என்பது, இத்தீவின் முக்கியத்துவத்தைப் பற்றி எந்த அமைச்சின் அறிக்கையும் சொல்லக்கூடியதை விட அதிகம் சொல்கிறது.

மக்கள் பார்வையை அதிகம் ஈர்ப்பது பூநாரை. அதன் வளைந்த அலகு, நீரைச் சேற்றோடு உறிஞ்சி வடித்து உள்ளிருக்கும் நுண்ணுயிர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சல்லடை. அதன் சிவப்பும் அந்த இரையிலிருந்து வரும் நிறமியே. ஆனால் வலசை வரும் விருந்தாளிகளை மட்டும் எண்ணினால் கணக்கு முழுமையாகாது. இலங்கையின் பிற பகுதிகளில் அரிதாகவே காணப்படும் கவுதாரி, கரிச்சான், கள்ளிப்புறா போன்றவை இங்கே அன்றாடக் காட்சி. இந்தியச் சமவெளியின் உயிர்கள் இந்த வடமேற்கு ஓரத்தில் மட்டும் கால் பதித்திருப்பது, கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரு கரைகளும் நிலத்தால் இணைந்திருந்ததன் எஞ்சிய அடையாளம்.

அந்த இணைப்பின் எச்சம் இன்றும் கடலுக்கு மேலே துண்டு துண்டாகத் தெரிகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளை மன்னார் மீனவர்கள் தீடைகள் என்கிறார்கள். உலகம் அவற்றை ஆதாமின் பாலம் என்றும், தமிழகம் இராமர் பாலம் என்றும் அறியும். இலங்கை எல்லைக்குள் வரும் தீடைகளையும் சூழ்ந்த கடலையும் 18,990 ஹெக்டேர் பரப்பில் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடற்சார் தேசிய வனமாக அறிவித்தார்கள். மனிதர் நிரந்தரமாகக் குடியிராத அந்த மணலில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் சூரிய ஒளி தரைவரை எட்டுவதால் கடற்புல் வளர்கிறது. அதையே உணவாகக் கொண்டு, நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயக்கூடிய ஆவுளியா என்னும் கடற்பசு இந்தக் கடலில் ஒரு காலத்தில் மந்தையாக வாழ்ந்தது. இன்று அது காண்பதற்கரிய விலங்கு. இறைச்சிக்காகக் கொன்றதும், வலையில் சிக்கியதும், மேய்ச்சல் நிலம் அழிந்ததும் சேர்ந்து அதை இந்நிலைக்குக் கொண்டுவந்தன.

கடற்புல் அழிவதற்கான முதன்மைக் காரணத்தைப் பாக்கு நீரிணையின் இருபுறத்து மக்களும் அறிவார்கள். இழுவைமடி என்பது, கனமான பலகைகளும் சங்கிலிகளும் கட்டிய வலையைக் கடல்தரையோடு உரசி இழுத்துச் செல்லும் முறை. இறாலோடு சேர்த்துப் புல்லையும் குஞ்சுகளையும் சிப்பியையும் அது வழித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017ஆம் ஆண்டில் தனது கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இம்முறையை முற்றாகத் தடை செய்தது. ஆனால் தமிழகத் துறைமுகங்களிலிருந்து வரும் இழுவைப் படகுகள் பேசாலை, தலைமன்னார் மீனவரின் வலைகளை அறுத்துச் செல்வதும், எல்லை தாண்டி வரும் தொழிலாளர் கைதாகிச் சிறை செல்வதும் இன்னும் ஓயவில்லை. இரு பக்கமும் ஒரே மொழி பேசும் ஏழைகள் என்பதால் இந்தச் சிக்கலைப் பேசத் தயங்குவோர் உண்டு. ஆயினும் தரையே அழிந்த கடலில் இரு பக்கத்துக்கும் மீன் இருக்காது என்பது தயக்கமின்றிச் சொல்லப்பட வேண்டிய உண்மை. தமிழகக் கரையிலும் பாதுகாப்பு முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இலும், பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022இலும், தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் 2025இலும் அறிவிக்கப்பட்டன. தனுஷ்கோடியில் மேயும் பூநாரைக்கு வங்காலை வேறு நாடு அல்ல. இரு கரைகளின் காப்பகங்களையும் ஒரே திட்டத்தின் கீழ் பார்க்கும் ஏற்பாடு மட்டும் இன்னும் உருவாகவில்லை.

இலங்கையின் பாதுகாப்புச் சட்டம் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதை நடைமுறைப்படுத்துவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். தேசிய வனம், இயற்கை ஒதுக்கம், சரணாலயம் என்னும் சொற்கள் பொதுப்பேச்சில் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தில் அவற்றின் வலிமை வேறு வேறு. முன்னிரண்டும் அரச காணியில் மட்டுமே அமைய முடியும்; அங்கே மனிதச் செயல்களுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் வயலும் வீடும் இருக்கலாம். விலங்குகளுக்குக் காப்பு உண்டு, ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறுவதைத் தடுக்கும் பலம் குறைவு. ராம்சார் தகுதி பெற்ற வங்காலை இந்த மென்மையான வகுப்பிலேயே இருக்கிறது. வங்காலை, ஆதாமின் பாலம், விடத்தல்தீவு ஆகிய மூன்று காப்பகங்களின் பரப்பையும் கூட்டினால் 53,000 ஹெக்டேர், அதாவது மன்னார்த் தீவின் பரப்பைப் போல நான்கு மடங்கு. வரைபடத்தில் பார்ப்பவருக்கு மன்னார் முழுவதும் காக்கப்பட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் இதில் பெரும்பகுதி கடலும் களப்பும். அவற்றுக்கு நடுவே கிடக்கும் தீவின் உடல், பறவைகள் ஒரு நீரிலிருந்து மறு நீருக்குக் கடந்து செல்லும் அந்த மணல் நிலம், பெரும்பாலும் எந்தக் காப்புக்குள்ளும் இல்லை. அண்மைக் காலத்தின் பெரிய சச்சரவுகள் எல்லாம் அந்த இடைவெளியிலேயே எழுந்தன என்பது தற்செயல் அன்று.

காப்பு உள்ள இடமும் முழுப் பத்திரமாக இல்லை என்பதை விடத்தல்தீவு காட்டியது. தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையின் வடக்கில், கண்டற்காடும் சேற்றுத் தரையும் கடற்புல்லும் சேர்ந்த 29,180 ஹெக்டேர் பரப்பை 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் இயற்கை ஒதுக்கமாக அறிவித்தார்கள். எட்டே ஆண்டுகளில், 2024இல், அதிலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக, நடைமுறையில் இறால் பண்ணைகளுக்காக, விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைக்காலத் தடையால் நிறுத்தி வைத்தது. விடுவிக்கப்பட இருந்த பரப்பு மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று வாதிடலாம். ஆனால் இறால் குளத்தின் கழிவுநீர் எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. இதற்கான சான்று தொலைவில் இல்லை. புத்தளம், சிலாபம் கரைகளில் கண்டலை வெட்டி அமைத்த இறால் பண்ணைகள் 1990களில் வெண்புள்ளி நோயால் நிலைகுலைந்தன. கைவிடப்பட்ட குளங்கள் பாசி படர்ந்து கிடக்க, வெட்டிய காடு திரும்ப முளைக்கவில்லை. கண்டல் வேர்களுக்கு இடையே வளரும் இறால் குஞ்சும் நண்டும் விடத்தல்தீவு மீனவரின் சிறு வலைக்கு ஆண்டுதோறும் கூலியின்றி வந்து சேரும் வருமானம். அதை அழித்து ஒரு பண்ணையில் கூலிவேலை தருவதை வளர்ச்சி என்று அழைப்பது பொருந்தாது.

காற்றாலைச் சிக்கல் இதைவிடக் கடினமானது, ஏனெனில் அங்கே இரு நன்மைகள் மோதிக்கொள்கின்றன. சோளகம் தடையின்றி வீசும் மன்னார்த் தீவு இலங்கையின் மிகச் சிறந்த காற்று நிலங்களுள் ஒன்று. நிலக்கரியும் டீசலும் எரித்து மின்சாரம் பெறும் நாட்டுக்கு அந்தக் காற்று பெரும் செல்வம். இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு, தீவின் தென்கரையில் 30 சுழலிகளைக் கொண்ட, 103.5 மெகாவாட் திறனுள்ள தம்பபவனி காற்றாலையை அமைத்து 2020 டிசம்பரில் திறந்தது. பறவைக் கூட்டம் நெருங்குவதைக் கண்டறியும் ராடர் கருவியும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சிக்கல், அத்தோடு நிற்காமல் தீவின் மற்றப் பகுதிகளையும் சுழலிகளால் நிரப்ப முனைந்ததில் தொடங்கியது. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 52 சுழலிகளோடு 250 மெகாவாட் காற்றாலை அமைக்க முன்வந்தபோது, பறவையியலாளர்களும் சூழல் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். இறுதியில் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் விலகலுக்குப் பின்னணி மின்கட்டணத்தைக் குறைக்க அரசு மேற்கொண்ட முயற்சியே தவிர, பறவையோ ஈரநிலமோ அல்ல. அதாவது, இந்தத் தீவு எத்தனை சுழலிகளைத் தாங்கும் என்ற கேள்வி விடையின்றியே நின்றது.

ஆகவே அடுத்த திட்டங்கள் வந்தபோது மக்களே அக்கேள்வியை எழுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் தொடங்கிய போராட்டத்தை அடுத்து, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதிய காற்றாலை வேலைகளை ஒரு மாதம் இடைநிறுத்தினார். செப்டம்பர் இறுதியில் சுழலிப் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. குருமாரும் மீனவரும் இளைஞரும் ஒன்றாக நின்ற அந்தப் போராட்டத்தில் பறவைகளை விட அதிகமாகப் பேசப்பட்டது வெள்ளம். சுழலிகளுக்காக உயர்த்திப் போடப்பட்ட பாதைகள் மழைநீர் கடலுக்கு வடியும் இயற்கை வழிகளை மறித்துவிட்டன, முன்பு நீர் தேங்காத குடியிருப்புகளில் இப்போது நாள்கணக்கில் தேங்குகிறது என்பது மக்களின் முறைப்பாடு. தட்டை நிலத்தில் ஓர் அடி உயரமுள்ள மேடு கூட நீரின் போக்கை மாற்றிவிடும் என்பதால், இம்முறைப்பாட்டை வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பறவைகளைப் பொறுத்தவரை சுழலியின் இறக்கையை விடவும் மின்கம்பி பெரிய ஆபத்தாக இருக்கக்கூடும். தீவின் மின்சாரத்தைப் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் ஈரநிலத்துக்கு மேலாகவே செல்கின்றன; பூநாரையைப் போன்ற பெரிய பறவை அரையிருளில் தாழப் பறக்கும்போது மெல்லிய கம்பியைக் கண்டு கடைசி நேரத்தில் திரும்ப முடிவதில்லை. கம்பிகளில் தெளிவாகத் தெரியும் அடையாளங்களைத் தொங்கவிடுவதும், முக்கியமான இடங்களில் கம்பியை நிலத்தடியில் கொண்டுசெல்வதும் பிற நாடுகளில் கைக்கொள்ளப்படும் பரிகாரங்கள். செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஓர் அலகு மின்சாரம் மலிவா என்பதைச் சொல்ல முடியும்.

எல்லாவற்றிலும் ஆழமான அச்சம் மணலைப் பற்றியது. தீவின் மணலில் இல்மனைட் என்னும் கருநிறக் கனியம் கலந்திருக்கிறது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த அக்கனியத்திலிருந்தே வண்ணப்பூச்சுகளுக்கு வெண்மை தரும் பொருள் கிடைக்கிறது. கிழக்கில் புல்மோட்டைக் கரையில் அது பல பத்தாண்டுகளாக அகழப்படுகிறது. மன்னாரில் அவுஸ்திரேலியாவின் டைட்டேனியம் சாண்ட்ஸ் நிறுவனம் ஆய்வு அனுமதி பெற்று, தீவெங்கும் ஆயிரக்கணக்கில் துளைகள் இட்டுப் பார்த்தது. மணலை எடுத்து, கனியத்தைப் பிரித்து, மீதியைத் திரும்பக் கொட்டிவிட்டால் இழப்பு இல்லை என்று இத்தகைய திட்டங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதுண்டு. அந்த வாதம் மன்னாரில் நிற்காததற்குக் காரணம் தண்ணீர். மணல் தீவில் மழைநீர் கீழிறங்கி, அடர்த்தி கூடிய உப்பு நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அதையே தலைகீழாகப் படித்தால், மேலே ஓர் அடி குறைந்தாலும் கீழே 40 அடி உப்பாகிவிடும். தீவின் கிணறுகளும் பனைகளும் இந்த மெல்லிய வில்லையையே நம்பி வாழ்கின்றன. கனியத்தைக் கழித்துக் கொட்டிய தளர்ந்த மணலில் பழைய அடுக்குகள் மீண்டும் உருவாவதில்லை. நிலமட்டம் சிறிது தாழ்ந்தாலே கடல் உள்ளே வர இடம் கிடைத்துவிடும். உப்பேறிய கிணற்றை எந்த இழப்பீடும் திரும்ப இனிப்பாக்காது.

இந்தக் கடற்கரை ஏற்கெனவே ஒருமுறை மொத்தக் குத்தகைக்குப் போயிருக்கிறது. அரிப்பு, சிலாவத்துறைக்கு எதிரேயுள்ள முத்துப்படுகைகள் பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றவை. பிரித்தானிய அரசு 1906இல் அவற்றை லண்டனைச் சேர்ந்த ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குப் பிறகு பல ஆண்டுகள் குறிப்பிடத்தக்க முத்துக்குளிப்பு நடைபெறவில்லை, கம்பனியும் நிலைக்கவில்லை. முன்னைய ஆண்டுகளில் அளவின்றிச் சிப்பி எடுத்ததும் சிப்பியின் இயல்பான ஏற்ற இறக்கமும் சேர்ந்தே அந்த வீழ்ச்சியை உண்டாக்கின என்று கருதப்படுகிறது. கடலின் விளைச்சலை ஆண்டுக் கணக்கில் எழுதி விற்க முடியாது என்பதை மன்னார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

இயற்கைப் பாதுகாப்பின் பெயரிலும் மன்னார் மக்கள் காயம்பட்டிருக்கிறார்கள் என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் போர் முடிந்து முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பியபோது, அவர்கள் விட்டுச்சென்ற ஊர்களைக் காடு மூடியிருந்தது. 2017இல் வில்பத்து தேசிய வனத்துக்கு வடக்கே ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் மாவில்லு பேணற்காடு என்று அறிவிக்கப்பட்டபோது, தம் பரம்பரைக் காணிகளும் அதற்குள் அடங்கிவிட்டன என்று அவர்கள் போராடினார்கள். வங்காலையில் மாடு மேய்ப்பவரும், விடத்தல்தீவில் நண்டு பிடிப்பவரும் எல்லைக் கல் எங்கே நடப்பட்டது என்பதைப் பலவேளைகளில் நடப்பட்ட பிறகே அறிந்தார்கள். விறகு பொறுக்கியவருக்கு வழக்கும், பெரிய முதலீட்டாளருக்கு விடுவிப்பு வர்த்தமானியும் என்ற நிலை தோன்றினால், எந்தக் காப்பகமும் மக்கள் மனத்தில் நிலைக்காது. ஆயினும் 2025இன் போராட்டம் ஒன்றை உறுதிப்படுத்தியது. நிலத்தைக் காக்கும் விருப்பம் கொழும்பிலிருந்து இறக்குமதியாக வேண்டியதில்லை; அது பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் இருக்கிறது, அதற்கான சட்ட இடம் மட்டுமே இல்லை.

அந்த இடத்தை உருவாக்குவது கடினமான வேலை அன்று. தீவு, களப்பு, தீடை, கட்டுக்கரை ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்காமல் ஒரே நீர்ப்பரப்பாகக் கொண்ட திட்டமொன்று தேவை. தீவு முழுவதற்கும் எத்தனை சுழலிகள், எந்த இடங்களில் என்ற மொத்த மதிப்பீடு, அடுத்த அனுமதிக்கு முன்பு, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே எழுதப்படும் அறிக்கைகளுக்கு மேலாக நடைபெற வேண்டும். மணல் தீவில் கனிய மணல் அகழ்வுக்கு இடமில்லை என்பதை அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். இவை அனைத்துக்கும் முன்பாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மன்னாரின் நிலத்தையோ கடலையோ தொடும் ஒவ்வொரு வர்த்தமானியும், ஒவ்வொரு சூழல் தாக்க அறிக்கையும், கையெழுத்தாவதற்கு முன்பே முழுமையான தமிழில், வரைபடத்தோடு, அந்தந்தக் கிராம அலுவலர் பிரிவிலும் மீனவர் சங்கத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் வைக்கப்பட வேண்டும். அங்கிருந்து வரும் பதில் கிடைக்கும்வரை ஒரு கம்பமும் நடப்படக் கூடாது.